கடலுக்குள் விழுந்தால் காப்புறுதி உண்டு

மன்னாரில் மீள்குடியேறியவர்களுக்கு வீட்டுத்திட்ட வீடுகள் இன்னும் கட்டி முடியாத காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கீரிக் கடற்கரையில் இது நடந்தது.

நான் சின்ன வயதில் வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்குப் போய், தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்தவன். மன்னார் ரவுனில் தண்ணீர் மோட்டார் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் என்னை 'இந்தியா அண்ணை' என்றுதான் கூப்பிடுவார்கள். பிரான்சில் இருந்து லீவில் வந்த மச்சான் தன்னுடைய பழைய ட்ரோனை எனக்குத் தந்துவிட்டுப் போனான். முகாமில் ஒரு பட்டம் விடக்கூட இடமில்லாமல் வளர்ந்தவனுக்கு ஆகாயத்தில் இருந்து ஊரைப் பார்க்கக் கிடைத்தால் எப்படி இருக்கும்? பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டேன். கடையைப் பூட்டினால் கடற்கரைதான்.

அதற்குக் காப்புறுதி எடுக்கலாம் என்று சொன்னவர், என் மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி செய்து தந்த பெண். கடைக்கு வந்து, கதிரையில் இருந்து பொறுமையாக விளக்கினார். ட்ரோன் உடைந்தால், களவு போனால், கடலுக்குள் விழுந்தால் ஒரு வகை. அது மற்றவர்களுக்குக் காயமோ சேதமோ செய்தால் வேறொரு வகை. இரண்டையும் சேர்த்து எடுப்பதுதான் நல்லது என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. கொமிசனுக்காகத் தலையில் கட்டுகிறார் என்று நினைத்தேன்.

"கீரிக் கரையில ஆர் பிள்ளை இருக்கினம்? மண்ணும் கழுதையும்தான். கழுதைக்கும் நான் காப்புறுதி கட்டவோ?" என்றேன்.

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

"அண்ணை, மேல போறது கீழதான் வரும். கீழ ஆர் நிக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். கடலுக்குள்ள விழுந்தா மட்டும் பாருங்கோ, போதும்."

அப்படித்தான் எடுத்தேன். என் சாமானுக்கு மட்டும். அப்போது அவர் ஒன்று சொல்லித் தந்தார்: விழுந்தால் உடனே தூக்கக் கூடாது, விழுந்த இடத்தில் கிடக்கிறபடியே நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும். அதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று குறைவு. கடலைப் படம் எடுத்து அலுத்துப்போய், ட்ரோனைக் கரைப்பக்கம் திருப்பினேன். பனைகளுக்கு அங்கால் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீடுகள் வரிசையாகத் தெரிந்தன. வீடுகளுக்கு மேலே விடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன். ஒரு வீட்டு முற்றத்தில் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்க்கவில்லை. உடுப்பை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

கமராவுக்கு வெட்கப்பட்டு ஓடுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. இன்னும் வடிவாகப் பார்க்க ட்ரோனைக் கீழே இறக்கினேன். ஓம், இறக்கினேன். அவள் பின்னாலேயே கொண்டுபோனேன். வீட்டுக்குப் பின்பக்கம் திரும்பினாள், பிறகு ஆளைக் காணவில்லை. எங்கே போனாள் என்று தேடிக்கொண்டிருக்கும்போது ட்ரோன் ஒரு பனையில் அடிபட்டு விழுந்தது.

ஓடினேன். என் ட்ரோனுக்காக ஓடினேன். அது அந்த வீட்டின் பின்பக்கம், மலசலகூடத்துக்கு வெட்டிய குழியின் கரையில் கிடந்தது. செட்டை இரண்டு முறிந்திருந்தது. தொடவில்லை. சொல்லித் தந்தபடி ஃபோனை எடுத்து, முன்னுக்கு நின்று, பின்னுக்கு நின்று, குனிந்து, எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன். எங்கேயோ ஒரு குழந்தை அழுகிற சத்தம் காதில் விழுந்தது. குழந்தை என்றால் அழும்தானே என்று இன்னும் ஒரு படம் எடுத்தேன்.

பிறகுதான் குழிக்குள் பார்த்தேன்.

அவள் குழந்தையை நெஞ்சுக்குள் அமத்திப் பிடித்து, அதன் மேல் கவிழ்ந்து கிடந்தாள். ஒரு கால் பக்கவாட்டில் மடிந்து கிடந்தது. நான் கூப்பிட்டேன். தலையைத் தூக்கவில்லை.

"படுங்கோ, படுங்கோ! வண்டு நிக்குது!" என்று மட்டும் சொன்னாள். எனக்குத்தான் சொன்னாள். என்னையும் காப்பாற்றப் பார்த்தாள்.

அவளுடைய புருஷன் கடற்கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவன், சத்தம் கேட்டு ஓடி வந்தான். இரண்டு பேரும் இறங்கித் தூக்கினோம். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அவளுக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதுதான் அவனிடம் கேட்டேன், வண்டு என்றால் என்ன என்று. அவன் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணை, கடைசிச் சண்டைக்குள்ள எங்க நிண்டனீங்கள்?"

"இந்தியாவில."

"அதுதான்."

வன்னியில் மேலே சுற்றும் வேவு விமானத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் அது. அது இரைந்தால் கொஞ்ச நேரத்தில் ஷெல் வரும். இரைச்சல் கேட்டதும் நிலத்தில் வெட்டிய பங்கருக்குள் குதித்துக் குதித்தே அந்த மாதங்களை இவர்கள் கடந்திருக்கிறார்கள். அவளுடைய முதல் பிள்ளை பங்கருக்கு வந்து சேரவில்லை. இதை அவன் சொன்னபோது அவள் ஓட்டோவுக்குள் எங்களுக்கு நடுவில்தான் இருந்தாள். வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானும் அகதி, நானும் எல்லாம் பட்டவன் என்று கடையில் இருந்து பெரிய கதை கதைக்கிறவன் நான். என் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறவர்கள் எதைக் கேட்டால் ஓடுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதும் இல்லை.

அடுத்த கிழமை காப்புறுதிப் பெண் வந்தார். படங்களைக் காட்டினேன்.

"நல்லாய் எடுத்திருக்கிறியள் அண்ணை. நட்டஈட்டுக்கு இது காணும்" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவர், ஒரு படத்தில் நின்றார். பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது ஆரின்ரை செருப்பு?"

முறிந்த செட்டைக்குப் பக்கத்தில், குழியின் கரையில், ஒரு பெண்ணின் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. நான் எடுத்த எல்லாப் படத்திலும் கிடந்தது. எடுத்தபோது நான் அதைக் காணவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, "மற்ற ஆக்களுக்கு எண்டு ஒண்டும் நீங்கள் எடுக்கேல்லையே அண்ணை" என்றார். குத்திக்காட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ட்ரோனுக்கு நட்டஈடு கிடைத்திருக்கும். கேட்கவில்லை. அந்தப் படங்களை இன்னொருவருக்குக் காட்ட எனக்கு முகம் இல்லை.

அவள் கருவாட்டு வாடிக் கொட்டிலில் குந்தியிருந்து மீன் வெட்டுகிறவள். அந்தக் கால் இனிக் குந்த விடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் என்ன உதவி கொண்டுபோனாலும் புருஷன் வாசலிலேயே திருப்பி அனுப்பினான். கடைசியில் ஒருநாள் அவளே கூப்பிட்டு அனுப்பினாள். ட்ரோனையும் கொண்டுவரச் சொன்னாள்.

செட்டை மாற்றிக் கொண்டுபோனேன். முற்றத்தில் வைத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானோ? எங்கட சேவலை விடச் சின்னன்" என்று சிரித்தாள். புருஷனும் சிரித்தான். "இப்ப இயக்குங்கோ அண்ணை. மேல விட வேண்டாம், இதில வச்சே இயக்குங்கோ. என்ரை காது பழக வேணும்."

இயக்கினேன். அது நிலத்தில் நின்றபடியே இரைந்தது. அவள் சிரித்த முகத்தை மாற்றாமல் நின்றாள். ஆனால் கை தானாகப் போய்ப் பக்கத்தில் நின்ற குழந்தையின் சட்டையைப் பிடித்தது, முறிந்த கால் பின்னுக்கு ஒரு அடி வைத்தது.

"போதும், நிப்பாட்டுங்கோ. இன்னொரு நாளைக்குப் பாப்பம்" என்றாள்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை, நானும் ட்ரோனை அடுத்த லீவில் வந்த மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெரியாமல் நடந்ததுதானே என்று பலர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது வாடிப் பக்கம் போனால், எல்லாரும் நிலத்தில் குந்தியிருந்து மீன் வெட்ட, அவள் மட்டும் ஒரு கதிரையில் கால் நீட்டி இருந்து வெட்டுவது தெரியும். என்னைக் கண்டால் கத்தியைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள். அன்றைக்குக் கடையில், கீரிக் கரையில் ஆர் இருக்கினம் என்று கேட்டுப் பகிடி விட்டவன் நான் என்பது அவளுக்குத் தெரியாது என்ற நினைப்பிலேயே, ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போகிறேன்.