எர்த் கழற்றிய ஆம்ப்ளிஃபயர்

என் அக்கா தமயந்தியின் கணவர் பூபாலனை நான் பாவா என்று கூப்பிடுவேன். கே.ஜி.கண்டிகையில் லோடு ஆட்டோ பூபாலன் என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். விடியற்காலையில் திருத்தணி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போவார். ஆனால் பள்ளிப்பட்டிலிருந்து திருவாலங்காடு வரை திருவிழா மேடைகளில் எலெக்ட்ரிக் கிடார் வாசித்தவர் அவர். கிடார், புல்லாங்குழல், வயலின் என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் கீபோர்டில் வாசிக்கத் தொடங்கியதும், அவருடைய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அவர் தேவைப்படவில்லை.

அதன் பிறகு வீட்டை ஒட்டியிருந்த ஷீட் போட்ட அறையை ரெக்கார்டிங் ரூம் ஆக்கினார். சுவரெல்லாம் பழைய போர்வை, கோணிப்பை. பிளஸ் டூ முடித்துவிட்டு அக்கா வீட்டில் இருந்த நான், பேட்டரி செத்துக் கரண்டில் மட்டும் ஓடும் பழைய லேப்டாப்பில் ரெக்கார்டிங்கைப் பார்த்துக்கொண்டேன்.

பாவாவிடம் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. பெரியது ஆர்க்கெஸ்ட்ரா காலத்தது. அதில் கிடார் கரகரவென்று கனமாக ஒலிக்கும். சின்னதைச் சென்னையில் பழையதாக வாங்கினார். அதில் கம்பியில் நகம் படுவதுகூடத் தெளிவாகக் கேட்கும். கிடாரிலிருந்து வரும் ஒயரை இரண்டாகப் பிரித்து இரண்டிலும் செருகுவார். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மைக் வைத்து ஒரே நேரத்தில் ரெக்கார்ட் செய்வோம். சேர்த்துக் கேட்டால் இரண்டு பேர் மூச்சுப் பிடித்து ஒன்றாக வாசிப்பதுபோல இருக்கும்.

போன வருடம் பள்ளிப்பட்டிலிருந்து குமரவேல் என்ற பாடகர் வந்தார். முருகன் பாட்டுகள் பாடி யூடியூபில் போடுகிறவர். ஆடிக் கிருத்திகைக்குப் புதுப் பாட்டு வேண்டும் என்றார். பாவா வாசித்ததைக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

“வாசிப்பு சூப்பர்ங்க. ஆனா பின்னாடி இன்னாது, வண்டு பறந்துகினே கீது?”

“அது ஹம்முங்க, கரண்ட் இரைச்சல். எடுத்துடலாம்.”

“எடுத்துட்டு அனுப்புங்க. இல்லன்னா கீபோர்டுலயே போட்டுக்கறேன். தப்பா நினைச்சுக்காதீங்க.”

ஒரு ஆம்ப் மட்டும் போட்டால் அந்த ஹம் வராது. இரண்டையும் ஒரே கிடாரில் இணைத்தால், இரண்டு ப்ளக்குகளின் எர்த் ஒயர்களும் ஒரு வட்டமாகச் சேர்ந்து இரைச்சல் போடும். ஒரே ஆம்ப்பில் வாசித்து அனுப்பிவிடலாமே என்று நான் சொன்னேன்.

“அப்ப கீபோர்டுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம் மச்சான்?” என்றார் பாவா.

மறுநாள் காலை பெரிய ஆம்ப்பின் ப்ளக்கைத் திறந்தார். எர்த்துக்குப் போகும் பச்சை ஒயரைக் கழற்றி, மடக்கி, டேப் சுற்றினார். ஹம் நின்றது.

“பாத்தியா, வண்டு செத்துச்சு.”

கசியும் கரண்டை மண்ணில் இறக்கும் எர்த் குழி வெயில் காலத்தில் காய்ந்துபோனால், வீட்டில் கிரைண்டரைத் தொட்டாலே சுர்ரென்று இழுக்கும். அதனால் அக்கா அவ்வப்போது குழியில் உப்புப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவாள். அன்றும் ஊற்றிவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

“எர்த்துக்குத் தண்ணி ஊத்திட்டேன். துரை இனிமே பயமில்லாம வாசிக்கலாம்.”

“ஆங், மகாராணி புண்ணியம்” என்றார் பாவா. ஒயரைக் கழற்றியதை அவளிடம் சொல்லவில்லை.

பாட்டு முழுவதும் நன்றாக வந்தது. பெரிய ஆம்ப்பின் சத்தத்தைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று பாவா சின்ன ஆம்ப்பின் ஒயரை உருவினார். பெரிய ஆம்ப்புக்குள் ஒரு ஒயர் தேய்ந்து, கரண்ட் கசிந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அதுவரை அது கிடார் ஒயர் வழியாகச் சின்ன ஆம்ப்பின் எர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தது. உருவியதும் போக வழியில்லாமல் கிடார் கம்பிகளில் நின்றுவிட்டது. இடது கை கம்பிகளில் இருக்க, சின்ன ஆம்ப்பின் சத்தத்தைக் குறைக்க வலது கையால் அதன் இரும்புத் திருகைப் பிடித்தார்.

அவர் கத்தவில்லை. பல் கிட்டிப்போய், கிடாரோடு ஆடினார். நான் போட்ட கூச்சலில் அக்கா ஓடிப்போய் மெயினை அணைத்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். இடது கை நடுவிரலிலும் மோதிர விரலிலும் கம்பி பதிந்த இடம் கருகியிருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன், “குழி ஈரமா கீது. சின்னதோட எர்த்து நல்லா வேலை செஞ்சதாலதான் இந்த இழுப்பு இழுத்துக்குது” என்றார். அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. “நீ ஊத்துனது சரி, நான் கழட்டுனதுதான் தப்பு. அத்தோட உடு” என்று பாவா சொல்லிப் பார்த்தார். அவள் விடவில்லை. குழியில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். அந்த வீட்டில் இப்போது கிரைண்டர் ஓடுவதில்லை. மாவு கடையில் வாங்குகிறார்கள்.

வாசித்து வைத்ததை அனுப்பட்டுமா என்று நான் கேட்டேன். லேப்டாப்பைத் திறந்தபோதுதான், மெயினை அணைத்ததில் அது சேவ் ஆகாமலே அழிந்துபோனது தெரிந்தது. குமரவேல் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பாட்டு கீபோர்டோடு வெளியாகியிருந்தது. போனில் போட்டுக் காட்டினார்.

“நல்லா கீதுங்க” என்றார் பாவா.

விரல்களில் தோல் ஆறிவிட்டது, உணர்ச்சி திரும்பவில்லை. ஆட்டோ ஓட்டுகிறார். நேற்று சாயந்திரம் கிடாரை எடுத்து மடியில் வைத்தார். எந்த ஆம்ப்பிலும் செருகவில்லை.

“மச்சான், மோதிர விரல் மூணாவது கம்பிலதான கீது?”

“ரெண்டாவதுல கீது பாவா.”

நகர்த்தினார். “இப்போ?”

“ஆங்.”

மீட்டினார். டொக்கென்று ஒலித்தது.

“அழுந்தல பாவா.”

பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். புதுத் தோல் கிழிந்து, கம்பியில் ரத்தம் இறங்கியது. அவர் விரலைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்போ சரியா கீதா?” என்று கேட்டார்.