மாவு லாரியும் காணாமல் போன டீசலும்

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் டெல்லியில் நடந்தது இது. பாலம் ஏர்போர்ட் பக்கம் ஒரு வாடகைக் கட்டடத்தில் இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, கடைகளுக்கு அனுப்பும் தொழில் செய்கிறேன். கணவருக்கு மத்திய அரசு வேலை. வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஒரே ஒரு கிரைண்டரோடு ஆரம்பித்தேன். இன்று ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள், சொந்தமாக ஒரு சின்ன டீசல் லாரியும் இருக்கிறது. அந்த லாரியை முதலில் ஓட்டியவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவர் நாமக்கல் பக்கத்துக்காரர். இருபது வருஷம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். மனைவிக்கு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. ஒரே மகள், இங்கேயே பிறந்தவள். அந்தப் பெண்ணுக்கு வீசிங் தொந்தரவு உண்டு. தீபாவளிக்குப் பிறகு டெல்லிக் காற்று கெட்டுப்போகும் மாதங்களில் கையில் இன்ஹேலர் இல்லாமல் பள்ளிக்குப் போகமாட்டாள். "லாங் ரூட் போனா மாசத்துக்கு ரெண்டு நாள்தான் வீட்டுல இருப்பனுங்க அக்கா. பாப்பாவுக்கு முடியாமப் போறப்ப பக்கத்துல இருக்கணும், அதான் உங்ககிட்ட வந்தேன்" என்று வேலைக்குச் சேரும்போதே சொன்னார். சம்பளம் குறைவுதான் என்று தெரிந்தேதான் வந்தார்.

நாலரை மணிக்கு மாவை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். ஆர்.கே.புரம், ஐ.என்.ஏ. மார்க்கெட், கரோல் பாக் என்று கடை கடையாக நிறுத்தி, காலையில் லாரிகளுக்குத் தடை தொடங்குவதற்குள் எல்லாவற்றையும் இறக்கிவிடுவார். ஒரு நாள்கூடத் தாமதமானது இல்லை.

எனக்கு ஒரு குணம். வீட்டில் ஒரு ஃபேன் வீணாகச் சுற்றினாலும் பொறுக்காது. சிக்னலில் வண்டியை அணைக்காத டாக்ஸிக்காரரோடு பின்சீட்டிலிருந்து சண்டை போட்டிருக்கிறேன். லாரி வந்ததும் என் கையாலேயே, "நின்றால் இன்ஜினை அணைக்கவும்" என்று தமிழில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டச் சொன்னேன். டீசலும் மிச்சம், ஊருக்கும் நல்லது என்று எனக்கு ஒரே பெருமை. வண்டிக்குள் நான் ஏறிப் பார்த்ததே இல்லை. காகிதத்தை எழுதிக் கொடுத்ததோடு சரி.

முதல் வருஷம் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்தது வண்டி. பிறகு எட்டுக்கு வந்தது. அந்த டிசம்பரில் ஏழுக்கும் கீழே போனது. பாதை அதே பாதை, கடைகள் அதே கடைகள். டீசல் எங்கே போகிறது என்ற கேள்வி சோறு சாப்பிடும்போதும் என் கூடவே உட்கார்ந்திருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு கிருத்திகை அன்று காலை மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனேன். கோயிலுக்குக் கீழே, கொஞ்சம் தள்ளி ஒரு காலி இடத்தில் என் லாரி நிற்கிறது. மாவு எல்லாம் இறக்கியாகிவிட்டது. இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஆக்ஸிலேட்டரை யாரோ மிதிப்பதுபோல. அவர் வெளியே நின்று நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எதுக்கு இன்ஜின் ஓடுது?" என்று கேட்டேன்.

"வண்டி தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்குதுங்க அக்கா. சைலன்சர்ல புகையை வடிகட்டுற ஃபில்டர் ஒண்ணு இருக்குதுங்க. நாம ஊருக்குள்ளயே மெதுவா ஓட்டுறமில்லீங்க, அதுல கரி அடைச்சுக்குது. அப்ப உள்ள ஒரு மஞ்ச லைட்டு எரியும். நிறுத்தி வெச்சு சூடேத்துனா கரி எரிஞ்சு போயிரும். அரை மணி நேரம் ஆகுமுங்க, நடுவுல அணைக்கக் கூடாது."

தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிற லாரியை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. "குளிருக்கு ஹீட்டர் போட்டு வைக்கணும்னா நேராச் சொல்லுங்க தம்பி. இப்படிக் கதை விட வேண்டாம். முதல்ல அணைங்க" என்றேன். கோயிலுக்கு வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, ஏறி அணைத்தார். நான் படியேறிப் போய் முருகனைக் கும்பிட்டேன். என்ன கேட்டேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

அடுத்த வாரமே இன்னொன்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை வண்டியை ஊருக்கு வெளிய மானேசர் வரைக்கும் ஹைவேல ஓட்டிட்டு வரட்டுங்களா? சும்மா வேகமாப் போயிட்டு வந்தாலே போதும், அந்த ஃபில்டர் தானா சுத்தமாயிக்கும்." லீவு நாளில், காலி வண்டியை, காரணமே இல்லாமல் யாராவது அவ்வளவு தூரம் ஓட்டுவார்களா? வெளி லோடு ஏற்றித் தனியாகக் காசு பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்றிலிருந்து வண்டியின் ஜி.பி.எஸ். ஆப்தான் எனக்கு டி.வி. சீரியல். எங்கே நின்றது, நின்ற இடத்தில் இன்ஜின் எத்தனை நிமிஷம் ஓடியது என்று உட்கார்ந்து பார்ப்பேன். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் உடனே போன் போடுவேன். "அணைங்க தம்பி." அணைத்துவிடுவார்.

இடையில் அவரே ஒரு விஷயம் சொன்னார். வெளி மெக்கானிக் ஒருவர், அந்த ஃபில்டரையே கழற்றிவிட்டு வண்டியின் கம்ப்யூட்டரை ஏமாற்றிவிடலாம், மைலேஜ் எகிறும் என்றாராம். "நான் வேண்டாம்னுட்டேனுங்க அக்கா. அந்தப் புகையை எம் புள்ளைதானுங்க மூச்சு இழுக்கோணும்" என்றார். திருடுகிறவர் அதற்குச் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பார், எல்லாவற்றையும் மூடி மறைத்திருக்கலாம். இந்தச் சின்னக் கணக்குகூட அப்போது என் மண்டையில் ஏறவில்லை. ஒருவரைத் திருடர் என்று நினைத்துவிட்ட பிறகு அவர் சொல்வதெல்லாம் நடிப்பாகத்தான் தெரிந்தது.

ஜனவரியில் வேலையை விட்டு நிறுத்தினேன். சாவியை மேஜைமேல் வைத்தார். "அக்கா, நான் டீசல் எடுக்கலைங்க" என்று மட்டும் சொன்னார். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிரக்கூட இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டெல்லியில் தொழில் செய்யும் தமிழர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஹோட்டல், மளிகை, கேட்டரிங் என்று வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதில்தான். "நாமக்கல் டிரைவர் ஒருவரை நிறுத்திவிட்டேன், உங்களிடம் வேலை கேட்டு வந்தால் டீசலைக் கவனியுங்கள்" என்று போட்டேன். ஊருக்கு உபகாரம் செய்கிற நினைப்பு எனக்கு. சற்று நேரத்தில் நாற்பது பதில்கள். நன்றி மேடம், இந்த டிரைவர்களே இப்படித்தான் மேடம். படிக்கப் படிக்கக் குளுகுளுவென்று இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புதிதாக வந்தவர் பீகார்க்காரர், அண்ணன் என்ற அர்த்தத்தில் பையா என்றுதான் கூப்பிடுவோம். சொன்ன சொல் தட்டாதவர். வண்டி நின்ற மறு நொடி இன்ஜின் அணைந்துவிடும், அவ்வளவு ஒழுங்கு. மைலேஜோ ஆறரைக்கு இறங்கியது. இவருமா என்று அவர்மேலும் ஒரு கண் வைத்தேன். மார்ச்சில் ஒரு நாள் காலை அவரிடமிருந்து போன். தௌலா குவான் மேம்பாலத்தில் வண்டி ஏற மறுக்கிறது, இருபதுக்கு மேல் வேகம் எடுக்கவில்லை, பின்னால் ஹாரன் அடித்துக் கொல்கிறார்கள். ஆட்டோ பிடித்து ஓடினேன்.

அன்றுதான் முதல் தடவையாக அந்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். டேஷ்போர்டில் என் கையெழுத்து. அதற்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் லைட் எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக எரிகிறது என்று கேட்டேன். "ஷுரூ ஸே, மேடம்ஜி" என்றார் பையா. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே.

சர்வீஸ் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனோம். பாதி வழியிலேயே மாவு பொங்கி பாக்கெட்டுகள் உப்பத் தொடங்கிவிட்டன. அங்கே மெக்கானிக் ஒரு கருவியை வண்டியில் செருகிப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பினார். வண்டி தன் ஃபில்டரைச் சுத்தம் செய்யத் தொடங்கிய தடவைகள் நூற்றுக்கும் மேல். முழுதாக முடித்தவை விரல்விட்டு எண்ணலாம். "தேகியே மேடம், ஹர் பார் பீச் மே பந்த் கர் தியா" என்றார். ஒவ்வொரு முறையும் நடுவில் அணைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஆயில் குச்சியை உருவி என் மூக்கருகே நீட்டினார். இன்ஜின் ஆயில் மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. ஆயில் குறையும் என்று கேட்டிருக்கிறேன், எப்படிக் கூடும்? முகர்ந்து பார்த்தேன். டீசல் வாடை.

அவர் பொறுமையாக விளக்கினார். கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். பாதியில் அணைத்தால் கரியும் எரியாது, பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் ஒழுகி ஆயிலில் கலந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் மறுபடி முதலிலிருந்து முயலும். புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் திணறும், இழுவை போகும், மைலேஜ் போகும். கடைசியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மாதக்கணக்காக நான் தேடிய டீசல் யார் வீட்டுக்கும் போகவில்லை. அந்தக் குச்சியில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் நிறுத்திய டிரைவர் சொன்ன எல்லாமே உண்மை. ஃபில்டர், லைட், அரை மணி நேரம், மானேசர், எல்லாம். அணைக்கச் சொல்லி ஒவ்வொரு தடவையும் போன் போட்டது நான். அங்கே கிடந்த ஒரு பழைய டயரில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். கையில் புத்தகம், பக்கத்து ஸ்டூலில் இன்ஹேலர். அம்மா ட்யூட்டிக்குப் போயிருக்கிறாளாம். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீங்க மாவு ஆன்ட்டிதானே? அப்பா போட்டோ காட்டியிருக்கார். ஆப் அந்தர் ஆயியே, உள்ள வாங்க."

அப்பா எங்கேம்மா என்றேன்.

"லாங் ரூட் ஆன்ட்டி. குவஹாத்தி. வர இன்னும் இருபது நாள் ஆகும். அப்பாவுக்கு லாங் ரூட்தான் ரொம்பப் பசந்த், அதான் பிடிக்கும்னு சொன்னார், அதான் உங்க வேலையை விட்டுட்டார். உங்களுக்குக் கஷ்டமாச்சா?"

அவர் வீட்டில் எதையுமே சொல்லவில்லை. என்னால் வேலை போனது என்றுகூட. நான் குழுவில் போட்டதைப் பார்த்து இந்த ஊரில் எந்தத் தமிழரும் வேலை தரவில்லை, அதனால்தான் இனிப் போகவே கூடாது என்று விட்டுவந்த ரூட்டுக்கே போனார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வாங்கிப்போன பழத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன்.

தெருவில் நின்றே அவருக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன் அவர் முந்திக்கொண்டார். "அக்கா, வண்டி நல்லா இருக்குதுங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். திரும்ப வந்துவிடுங்கள் தம்பி என்று கெஞ்சினேன். "அந்த இடத்துல இப்ப ஒருத்தர் இருக்காருல்லீங்க. அவரு பொழப்பைக் கெடுத்துப்போட்டு எனக்கு வேண்டாமுங்க. அந்த லைட்டு விஷயத்தை மட்டும் அவருக்குச் சொல்லிக் குடுத்துருங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றே குழுவில் எழுதினேன். தப்பு முழுக்க என்னுடையது, அவர் நேர்மையானவர், தயவுசெய்து வேலை கொடுங்கள் என்று. மூன்று பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர் குட் மார்னிங் படம் அனுப்பியிருந்ததற்கு இன்னொருவர் அப்போதுதான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

வண்டியைச் சரி செய்துவிட்டார்கள். ஆயிலை மாற்றி, ஃபில்டரைச் சுத்தம் செய்ததும் மைலேஜ் ஒன்பதுக்கு வந்துவிட்டது. டேஷ்போர்டு காகிதத்தை நானே கிழித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பையா காலி வண்டியை மானேசர் வரை ஓட்டிவிட்டு வருகிறார். சில நாள் நானும் கூடப் போகிறேன். எதிரே வரும் நேஷனல் பர்மிட் லாரிகளின் கண்ணாடிக்குள் என் கண் தானாகத் தேடும்.

அவர் என்னிடம் கேட்டது அரை மணி நேரம். அதை நான் கொடுக்காததற்கு, மூச்சு இரைக்கும் ராத்திரிகளில் அப்பா பக்கத்தில் இல்லாமல் அந்தப் பெண் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் அப்பாவுக்கு லாங் ரூட்தான் பிடிக்கும் என்று நம்பிக்கொண்டு.