பக்கத்து வீட்டுக்காரன் மேல் கேஸ் போடச் சொன்ன இன்சூரன்ஸ்காரன்

விபத்தே நடக்காது என்று சத்தியம் செய்கிறவனிடம் விபத்தைச் சொல்லிக் காசு வாங்குகிற தொழில், கார் இன்சூரன்ஸ் ஏஜெண்டு தொழில். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் மலேசியாவின் கேமரன் மலையில் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி அதைத்தான் செய்தேன். வாசல் வாசலாகப் போய் எதையாவது விற்றுப் பிழைத்தவர்கள் இதைப் படித்தால், மழையும் நாயும், "அவரு வீட்ல இல்ல" என்று அவரே உள்ளேயிருந்து சொல்லும் குரலும் உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

முனியாண்டியின் பொறுப்பு

அப்போது எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: ரோட் டேக்ஸ் எடுக்க ஆகக் குறைவான பாலிசி எது, அதைக் கொடு. சட்டத்துக்காக எடுக்கும் அந்தப் பாலிசி, ரோட்டில் போகிறவன் மேல் நீங்கள் மோதினால் அவன் உயிருக்கும் உடம்புக்கும் நஷ்ட ஈடு கொடுக்கும். அவன் லாரிக்கோ வேலிக்கோ கொடுக்காது. உங்களை நம்பி உங்கள் காரில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கும் கொடுக்காது. அதற்கெல்லாம் மேலே கொஞ்சம் கட்ட வேண்டும். இதைச் சொல்லி நான் திட்டு வாங்காத லயமே, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடே, அந்த மலையில் கிடையாது.

திரிங்காப்பில் கோஸ் ஏற்றுகிற லேண்ட் ரோவர்க்காரர் ஒருவரிடம் இதையே பொறுமையாக விளக்கினேன். அவர் வண்டியில் முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கியது, கண்ணாடிக்குப் பக்கத்தில் முனியாண்டி படம் இருந்தது. பிரேக்கை மட்டும் தேட வேண்டியிருந்தது. உங்களைச் சாமி காப்பாற்றட்டும், நீங்கள் இடிக்கிற ஆளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் படத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்: "என்னைய முனியாண்டி பாத்துக்குவாரு. இடிபட்டவன அவன் சாமி பாத்துக்கட்டும் லா."

ஒரு லயத்துக்கு ஒரு கார்

மாணிக்கம் தேயிலை பேக்டரியில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்தவர். தன் லயத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவரும் அவர்தான். பழைய மோரிஸ் மைனர். லயத்தில் ஒருவரிடம் கார் இருந்தால் அது எல்லாருடைய காரும்தான். பிரசவத்துக்கு அது, கல்யாணத்துக்கு அது, தைப்பூசத்துக்கு அது. பூசை போட்ட அன்றே பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமும் அதற்குப் பக்கத்துக் குடும்பமும் அதில் ஏறியதை நானே பார்த்தேன்.

அவரும் ஆகக் குறைவானதையே கேட்டார். ஏறுகிறவர்களுக்கும் சேர்த்துக் கட்டினால் எழுதுவேன், இல்லாவிட்டால் என் கையால் எழுத மாட்டேன் என்று பையை மூடிவிட்டேன். தானா ராத்தாவில் வேறு ஏஜெண்டு இருக்கிறான் என்றார். தாராளமாகப் போகலாம் என்றேன். போகத்தான் புறப்பட்டார். பின் சீட்டில் உட்காரப் போவது உங்கள் அம்மாவும்தான் என்று அவர் மனைவி ஒரு வார்த்தை சொன்னதில் திரும்பி வந்து, என்னை முறைத்துக்கொண்டே கட்டினார். நான் வாடிக்கையாளரை விரட்டுகிறேன் என்ற சேதி இதற்குள் ஈப்போ ஆபீசுக்கு எட்டிவிட்டது. கிளை மேனேஜர் நம்மவர்தான். டெலிபோனில் கூப்பிட்டுக் கேட்டார்: "நீ பாலிசி விக்க வந்தியா, ஊரத் திருத்த வந்தியா?"

டின் உண்டியல்

லயத்து ஜனங்களுக்கு ரோஷம் அதிகம். யார் காரில் ஏறினாலும் இறங்கும்போது பெட்ரோலுக்கு என்று கையில் எதையாவது திணித்துவிடுவார்கள். அதை வாங்காதே, வாங்கினால் உன் கார் கம்பெனிக்கு டாக்சி ஆகிவிடும், சொந்தக் கார் பாலிசி டாக்சிக்குச் செல்லாது என்று மாணிக்கத்திடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

அடுத்த முறை போனபோது காரில் முருகன் படத்துக்குக் கீழே மூடியில் ஓட்டை போட்ட ஒரு பால் டின் இருந்தது. இறங்குகிற ஒவ்வொருவரும் அதில் காசு போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாமி பெயரைச் சொல்லி வாடகை வசூலிக்கிறாயா என்று சத்தம் போட்டேன். மாணிக்கம் அசரவில்லை. பெட்ரோல் தன் சம்பளத்தில் போடுவதாகவும், டின் அப்படியே தோட்டத்து ரோட்டு வளைவில் இருக்கும் முனியாண்டி கோயிலுக்குப் போவதாகவும் சொன்னார். காரணமும் சொன்னார்: "சும்மா ஏத்துனா ஏற மாட்டேங்கிறாங்கண்ணே. சாமிக்குப் போடுன்னாத்தான் வாயை மூடிக்கிட்டு ஏறுறாங்க."

லெச்சுமி அக்காவின் கை

ஒரு மழைக்காலக் காலையில் தாப்பாவுக்குக் கல்யாணத்துக்குப் போகும்போது, மாணிக்கம் மலை ரோட்டின் ஒரு வளைவில் காய்கறி லாரியை முந்தப் பார்த்து மண்மேட்டில் மோதினார். தப்பு முழுக்க அவருடையது. மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. பக்கத்து வீட்டு லெச்சுமி அக்காவின் வலது கை கதவில் நசுங்கியது. எலும்பு கூடியதே தவிர விரல்கள் மடங்கவில்லை.

கொழுந்து வெட்டுகிற கத்தரியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அந்த அக்காவால் இனி முடியாது. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். கணவர் இல்லாத அவர் இரண்டு பிள்ளைகளோடு எங்கே போவார்? நான் போய் விவரமாகச் சொன்னேன். மாணிக்கம் உங்களுக்கும் சேர்த்துக் கட்டியிருக்கிறார், பணம் கம்பெனிதான் கொடுக்கும், ஆனால் கம்பெனி தானாக வந்து கொடுக்காது, நீங்கள் மாணிக்கத்தின் மேல் கேஸ் போட வேண்டும் என்றேன். அக்கா என்னை வாசலுக்கு வெளியே நிற்க வைத்தே பேசினார்: "ஒரே பைப்புல தண்ணி புடிக்கிறோம். அவன் மேலயே கேஸ் போடவா? கை போனாப் போவுது, மானம் போவக்கூடாது."

எதிரியே வந்தார்

குடும்பத்தைக் கெடுக்க வந்தவன் என்று லயமே என்னைப் பேசியது. பேசட்டும். தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணி வீட்டைக் காலி செய்யச் சொல்லி லெச்சுமி அக்காவிடம் கேட்கத் தொடங்கியிருந்தார். எனக்கு விட மனமில்லை. நேராக மாணிக்கத்திடம் போய், உன் மேல் கேஸ் போடச் சொல்லி அக்காவிடம் நீயே கேள் என்றேன்.

அவர் முகம் கறுத்துப்போயிற்று. போலீஸ், கோர்ட்டு என்றாலே நடுங்குகிற மனிதர். நான் தப்பு செய்தேன் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். அன்று சாயங்காலமே சட்டையை மாற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார். லயத்து ஜனம் முழுக்க வேடிக்கை பார்த்தது. இன்சூரன்ஸ் விஷயத்தில் கண் கலங்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் சொன்னது இதுதான்: "அக்கா, எம்மேல கேஸ் போடுங்க. போடலன்னா நான் உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

தகரக் கூரை

கேஸ் போட்டதும் கம்பெனி விசாரிக்க ஓர் ஆளை அனுப்பியது. ஈப்போ தமிழர், கழுத்தில் டை, கையில் பெட்டி. காரில் ஏறியதற்குக் காசு கொடுத்தீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். எல்லாரும் நிமிர்ந்து நின்று, நாங்கள் ஓசியில் ஏறுகிறவர்கள் இல்லை, கொடுத்தோம் என்றார்கள். அவர் சந்தோஷமாகப் பெட்டியை மூடினார். காசு வாங்கினால் டாக்சி, டாக்சி என்றால் நஷ்ட ஈடு கிடையாது.

நான் அவர் கார் கதவைப் பிடித்துக்கொண்டேன். காசு போன இடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கோயில் வளைவுக்கு அழைத்துப்போனேன். முனியாண்டிக்கு மேலே புதுத் தகரக் கூரை பளபளத்தது. பூசாரி, டின் காசில் போட்டது என்றார். இதை எழுதாமல் விட்டால் கோர்ட்டில் உங்கள் கம்பெனிக்கு எதிராக நானே சாட்சி சொல்வேன், என் ஏஜென்சியை நாளைக்கே பிடுங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கூரையைப் பார்த்தார், சாமி கையிலிருந்த அரிவாளைப் பார்த்தார், கீழே இறங்கும் ரோட்டையும் பார்த்தார். பிறகு டையைத் தளர்த்திக்கொண்டு மெல்லச் சொன்னார்: "சாமி காச வாடகைன்னு எழுதிட்டு நான் இந்த வளைவத் தாண்டி வீட்டுக்குப் போவணுமே."

மறுபடியும் அதே சீட்

அவர் உள்ளதை எழுதினார், கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்தது. என் ஏஜென்சியையும் பிடுங்கியது. நான் வேறு கம்பெனியில் சேர்ந்து அதே தோட்டங்களுக்குப் போய் அதையே பேசினேன். லெச்சுமி அக்கா ரிங்லெட்டில் ஒரு சிறு வீடு பார்த்து, அதன் வாசலிலேயே சோளம் அவித்து விற்கத் தொடங்கினார்.

அடுத்த தைப்பூசத்துக்கு மாணிக்கம் காரைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலில் நிறுத்தினார். நானும் அங்கே இருந்தேன். அக்கா இடது கையால் கதவைத் திறந்தார், உடனே ஏறவில்லை. குனிந்து மாணிக்கத்தைப் பார்த்துக் கேட்டார்: "இந்த வருசமும் எங்களுக்கும் சேத்துக் கட்டிட்டியா?" மாணிக்கம் தலையாட்டினார். "அப்ப ஏறுறேன், ஓட்டு."

எவ்வளவு இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று நான் அந்த மலை முழுக்கத் தொண்டை கிழியக் கத்தியதை, அந்த அக்கா கமிஷன்கூட வாங்காமல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.