நுஸ்ரத் இடித்த தங்கப் பொடி

என் நடு அக்கா ஸைனப்பின் கடைசி மகன் நுஸ்ரத். அவன் அப்பா வழியினர் ஜோம்பாய் பக்கம் தல்க்கான் இடிப்பவர்கள். கோதுமையை வறுத்து, உரலில் போட்டு, ஊதினால் பறக்கும்வரை இடித்த மாவுதான் தல்க்கான். விருந்தாளியின் பல்லில் ஒரு குருணை அகப்பட்டாலும் போதும், அந்த வீட்டில் பெண் எடுக்கவே யோசிப்பார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை சமர்கந்துக்கு வந்து ரசாயனம் படித்தான். டாக்டர் பட்டம் கிடைத்தால் ஆய்வுக்கூடத்தில் நிரந்தர வேலை. கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய் உலக்கையைப் பிடிக்க வேண்டியதுதான். அவனுக்கு ஆசிரியர் ஹோஜிஅக்பர் தோம்லா; பேராசிரியரை எங்கள் பக்கம் தோம்லா என்போம். ஆய்வுக்கூடம் இருந்த மாடியில் எல்லோருக்கும் தேநீர் கொடுப்பது என் வேலை.

தங்கம் சேர்ந்த ஒரு வெள்ளைப் படிகத்தை நுஸ்ரத் செய்திருந்தான். புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் நீலமாக ஒளிரும்.

"அதுல தங்க அணுவெல்லாம் தள்ளித் தள்ளி உக்காந்திருக்கு சித்தி. அதான் நீலம். நெருங்கி உக்காந்தா வேற நிறமாயிடும். தங்கத்துக்குத் தன் இனத்து மேல அப்படி ஒரு ஒட்டுதல்."

"நம்ம சொந்தக்காரங்கள விட நல்ல ஜாதிடா அது" என்றேன். சிரித்தான்.

பட்டத்துக்கான பரீட்சை நாளன்று தாஷ்கெண்டிலிருந்து பெரிய பேராசிரியர்கள் வந்தார்கள். நான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நுஸ்ரத் சின்னக் கல்லுரலில் படிகத்தைப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்றே?"

"எவ்வளவு பெரிய மனுஷங்க வந்திருக்காங்க! இப்படிக் கட்டியும் குருணையுமாவா முன்னால வைக்கறது?"

விரலால் தடவிப் பார்த்துவிட்டு இன்னும் நைசாக அரைத்தான்.

அறையில் விளக்கை அணைத்தார்கள். ஊதா விளக்கு எரிந்தது. தட்டில் இருந்த பொடி மஞ்சளாக ஒளிர்ந்தது. வாழைப்பழ மஞ்சள். நீலம் மருந்துக்கும் இல்லை.

"நீலம்னு எழுதியிருக்கே தம்பி. எங்க கண்ணுல கோளாறா?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

நுஸ்ரத் தட்டை விளக்குக்கு இன்னும் கிட்டே தள்ளினான். "தோம்லா, நான்... கொஞ்சம் அரைச்சேன். அரைச்சதுல நெருங்கிப் போயிருக்கும். ஒரு சொட்டுக் கரைப்பான் விட்டா பழையபடி..."

தோம்லாவின் முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்துபோனதை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கரைப்பான் பாட்டில் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நுஸ்ரத் கை நீட்டுவதற்குள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அரைச்சியா? யாரு சொன்னா? இது என்ன உங்கப்பா வீட்டுத் தல்க்கானா?"

அறையே சிரித்தது.

"பொடிய மாத்தி வெச்சுட்டுக் கதை விடறான். இடிக்கிற கூட்டத்துக்குப் படிப்பு எதுக்குன்னு அப்பவே சொன்னாங்க, நான்தான் கேக்கல" என்றார் தோம்லா. "மன்னிச்சுக்குங்க."

பட்டம் இல்லை என்று எழுதினார்கள். கொடுத்த தேநீரை நிதானமாகக் குடித்தார்கள்.

நுஸ்ரத் ஊருக்குப் போய் உலக்கையைப் பிடித்தான். அடுத்த வசந்தத்தில், தோம்லாவின் மூத்த மகளைக் கட்டிய பெக்ஸோத் அதே படிகத்தைக் கொண்டு பரீட்சைக்கு எழுதிப்போட்டான். அரைத்தால் நீலம் மஞ்சளாகும், ஒரு சொட்டு விட்டால் மஞ்சள் நீலமாகும் என்பதுதான் அவன் கண்டுபிடிப்பு. ஆனால் அவன் அரைத்தால் பாதி நீலமாகவும் பாதி மஞ்சளாகவும் திட்டுத்திட்டாக நின்றது. தோம்லா எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா பையனை வரச் சொல்லுங்க. ஏதாவது பண்ணுவோம்" என்றார்.

பெக்ஸோத்தின் பரீட்சை நாளன்று நுஸ்ரத் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்று அக்கா வாசல்வரை வந்து அழுது அனுப்பினாளாம். பரீட்சை அறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து காலையெல்லாம் பெக்ஸோத்துக்காக அரைத்தான். உள்ளே பொடி திட்டில்லாமல் முழு மஞ்சளாக ஒளிர்ந்தது. பெக்ஸோத்துக்குக் கைதட்டினார்கள்.

விருந்தில் புலாவ் பரிமாறும்போது நுஸ்ரத் கதவோரமாக நின்றான். "தோம்லா, என் விஷயம்..."

"யாருப்பா அது? ஓ, நம்ம உலக்கை!" தோம்லா வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "கை நல்ல கை. மேலதான் ஒண்ணும் கிடையாது." தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

பெக்ஸோத் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தான். "சாப்பிட்டுட்டுப் போடா. மதியத்துக்கு மேல ஜோம்பாய்க்கு வண்டி கிடைக்காது."

நுஸ்ரத் சாப்பிடவில்லை. நான்தான் ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அதையும் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.