அந்தக் கண் யாருக்குச் சாட்சி சொல்லும்?

மதுரைக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கண் கிடைத்துவிட்டது, ஆளை உடனே அனுப்புங்கள் என்றார்கள். ஜீப் வாசலில் நின்றது. காசிம் காக்கா மட்டும் கட்டிலை விட்டு அசையவில்லை.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் கண் வார்டில் நான் அட்டெண்டர். காக்கா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவர். ஒரு கண் சிறுவயதில் அம்மையில் போயிற்று. மறு கண்ணில் கம்பிப் பிசிறு பட்டுப் புண்ணாகி, பூ விழுந்துவிட்டது. இறந்தவர் ஒருவரின் கருவிழியை வைத்துத் தைத்தால்தான் பார்வை.

டாக்டரம்மா என்னை அழைத்தார். "மைதீன், உங்க ஆளுதான, நீயே பேசு. இவரு போகலன்னா அந்தக் கண்ணு அடுத்த பேஷண்டுக்குப் போயிரும்."

"காக்கா, நிர்ப்பந்தத்துக்கு அடுத்தவங்க கண்ண வச்சுக்கிடலாம், மார்க்கத்துல ஆகும்னு நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாருல்லா?" என்றேன்.

"ஆகும்னுதாம்லே சொன்னாரு. பயம் அது இல்ல. மறுமையில கண்ணும் சாட்சி சொல்லும்லா? எவன் கண்ணோ, எதெதப் பாத்துச்சோ! என் முகத்துல இருந்துக்கிட்டு அவன் கதையச் சொன்னா நான் என்ன செய்ய?"

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி ரஹ்மத் லாத்தா முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"ஆமா, உங்க கண்ணு பள்ளிவாசலத் தவிர வேற ஒண்ணையும் பாத்ததில்ல பாருங்க! ரெண்டாவது ஆட்டம் சினிமாவுக்குப் போனது ஆரு? அந்தக் கண்ணுல்லா உங்கள நெனச்சுப் பயப்படணும்!"

வார்டே சிரித்தது. லாத்தா குரலைத் தாழ்த்தினார். "அல்லாஹ் நியாயக்காரன். ஒருத்தர் பாவத்த இன்னொருத்தர் தலையில வைக்க மாட்டான். இனிமே அந்தக் கண்ணால நீங்க பாக்கதத்தான் உங்ககிட்ட கேப்பான்."

காக்கா கட்டிலிலிருந்து காலை இறக்கினார். பிறகு கையை நீட்டினார். "ஜீப்பு எங்கலே நிக்கி? என்னக் கூட்டிட்டுப் போ."

மதுரையில் கண் வைத்துச் சில மாதம் கழித்து, பார்வை தெளிந்து எங்கள் வார்டுக்குக் கண்ணைக் காட்ட வந்தபோது, "குடுத்தது ஆருன்னு சொல்ல மாட்டேங்காங்க. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்லா இருக்கணும்னு துஆ கேக்கேன்" என்றார்.

லாத்தா என்னைப் பார்த்தார். "தம்பி, வாங்கிக்கிட்ட வீட்டுக்குக் குடுக்கவும் தெரிய வேண்டாமா? நான் மவுத்தானா என் கண்ணக் குடுக்க ஆகுமா?"

அவர்களை வெளிப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். மையித்துக்கு, அதாவது இறந்த உடலுக்கு, உரிய கண்ணியத்தைச் சொல்லிக் கூடாது என்னும் ஆலிம்கள், மார்க்க அறிஞர்கள், உண்டு; விலை பேசாமல் கொடுத்தால் ஆகும் என்பவர்களும் உண்டு என்றார். "முடிவாச் சொல்ல எனக்கு இல்ம், மார்க்க அறிவு பத்தாது. அந்தப் பொம்பளப் பிள்ளை மனசுல வச்சிருக்க நிய்யத்த, நல்லெண்ணத்த அல்லாஹ் அறிவான்."

அதை அப்படியே லாத்தாவிடம் சொன்னேன். "அப்போ ஆகும்னு சொல்லுத ஆலிமத் தேடிப் போய்க் கேட்டுக்கிடுதேன்" என்று காக்காவைப் பெஞ்சிலிருந்து எழுப்பினார். அவர் லாத்தாவின் கையைப் பிடிக்காமல் தாமே படியிறங்கிப் போனார்.

வார்டு வேலைக்கு வரும் தம்பிமாருக்கு ஒன்று சொல்வேன். நோயாளி வேண்டாம் என்றால் உடனே மார்க்கம் பேசாதீர்கள். ஆகுமா ஆகாதா என்பதை ஆலிம்கள் சொல்வார்கள். எதற்குப் பயப்படுகிறார் என்பதைக் கட்டிலருகே நிற்கும் நாம்தான் கேட்க வேண்டும்.