சைக்கிள் காவடி

அதுவரை எனக்கு மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. மூன்று வீட்டிலும் ஒரே கேள்விதான்: "பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" கான்ட்ராக்ட் என்றதும், கொடுத்த காபி டம்ளரைப் பிடுங்கிக்கொள்வார்கள் போல ஒரு பார்வை. நாலாவதாக வல்லம் வடகாலில் ஒரு பெண். கிருத்திகை அன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் வைத்துப் பார்ப்பதென்று அக்கா ஊரிலிருந்து வந்து ஏற்பாடு செய்துவிட்டாள். இதுவும் போனால் இனி உனக்குப் பெண் தேடி அலைய என்னால் முடியாது என்றும் சொல்லிவிட்டாள்.

சேரப்பணஞ்சேரியில் நானும் ஒரு திருநெல்வேலிக்காரனும் ஒரே அறை. அவனிடம் மலைச் சைக்கிள் ஒன்று உண்டு. கம்பெனிகளாக நிற்கும் இந்த ஒரகடத்தில் மலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், வேகத்தடை இருக்கிறதே என்பான். அதில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். லீவரை அழுத்தினால் குழாயிலுள்ள எண்ணெய், பிரேக் கட்டைகளைத் தள்ளிச் சக்கரத்தின் தகட்டைக் கவ்வ வைக்கும். அவனுக்கு வேலை, கார் கம்பெனியில் பிரேக் ஆயில் நிரப்பும் லைனில். அளவு குறைந்தால் சூப்பர்வைசர் கத்துவார் என்ற ஒரே பயத்தில் வாழ்கிறவன். கிருத்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம், நான் இரவல் கேட்ட அந்தச் சைக்கிளுக்கும் கழுத்து வரை எண்ணெய் ஊற்றி மூடினான்.

"ஏல, சொட்டு எடங்கூட விடல. மாப்ள போற வண்டி. பிரேக்கப் புடிச்சா கல்லு மாரி நிக்கும் பாரு."

கல் மாதிரிதான் நின்றது. மறுநாள் பாதி வழியில், புதுச் சட்டை வியர்வையில் நனையக் கூடாதே என்று நான் மட்டும் புளியமரத்தடியில் ஒதுங்கினேன். சைக்கிளைக் கத்திரி வெயிலில் விட்டேன். திரும்பி வந்து தள்ளினால் இரண்டு சக்கரமும் அசையவில்லை. அவனுக்கு போன் போட்டேன்.

"சூட்டுல எண்ணெ பெருத்திருக்கும். பெருக்க எடமில்லல்லா, அதான் கட்டையத் தள்ளிட்டு. நெழல்ல போடு, ஆறினா விட்டுரும்."

"எவ்வளவு நேரம்டா ஆகும்?"

"சாயங்காலம் ஆயிரும்ல."

ஆத்திரத்தில் சைக்கிளை எட்டி உதைத்தேன். செருப்பு வார் அறுந்ததுதான் மிச்சம். ஷேர் ஆட்டோக்காரர்கள் சைக்கிளைப் பார்த்ததும் நிறுத்தாமல் போனார்கள். இரவல் பொருளை நடுரோட்டில் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. துண்டைத் தலையில் போட்டு, சைக்கிளைத் தோளில் ஏற்றி, வெறுங்காலோடு நடந்தேன்.

கோயில் தெருவில் நுழைந்ததும் யாரோ "அரோகரா" என்றார்கள். பின்னால் காவடி வருகிறது போல என்று ஒதுங்கினேன். காவடி நான்தான். ஒரு அம்மாள் குடத்தோடு ஓடிவந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார், மிச்சத்தைச் சைக்கிள் மேல் ஊற்றினார், அப்படியே காலில் விழுந்தார்.

"அம்மா, இது பிரேக்கு..."

"பேசாத சாமி, வேண்டுதல் கலைஞ்சிடும்."

பார்த்துக்கொண்டிருந்தவர்களும் ஆளுக்கொரு குடம் ஊற்றினார்கள். கால் குளிர்ந்தது. பிரேக்கும் குளிர்ந்திருக்க வேண்டும். தோளில் இருந்தபடியே முன்சக்கரம் மெல்லச் சுற்றியது. அரோகரா இன்னும் பலமாகக் கேட்டது. அந்த நேரம் பார்த்து அக்கா தலையில் அடித்துக்கொண்டே வந்தாள்.

"இவந்தான் எந் தம்பி," என்றாள் அந்த அம்மாளிடம். அந்த அம்மாள்தான் பெண்ணைப் பெற்றவர்.

மண்டபத்தில் உட்கார்ந்தோம். அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை காலில் விழுந்துவிட்டு எந்த முகத்தோடு விசாரிப்பது? பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்ற கேள்வி வராது என்று தெரிந்ததும் அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிடமே அது பிடிக்கவில்லை.

"நான் கான்ட்ராக்ட்தான்ங்க. இது வேண்டுதலும் இல்ல. வெயில்ல பிரேக் பிடிச்சுக்கிச்சு."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப சைக்கிள அங்கியே வுட்டுட்டு வர்றதுதானே?"

"இரவல்ங்க."

அவள் சிரித்துவிட்டாள்.

"அப்ப நான் வுழுந்து கும்பிட்டது?" என்றார் அம்மாள்.

"வுழுந்தது வுழுந்ததுதாம்மா. இன்னா பண்றது இப்போ?" என்றாள் பெண்.

யாரும் முடிவாக எதுவும் சொல்லவில்லை. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார் அம்மாள். அந்தப் பேச்சு எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் இந்தத் தடவை வலித்தது.

வெளியே வந்தால் சைக்கிள் வெயிலில் மறுபடி பூட்டிக்கொண்டு நின்றது. முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். பின்பக்கம் தானாக எழுந்தது. திரும்பிப் பார்த்தேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்சக்கரத்தை அந்தப் பெண் தூக்கியிருந்தாள்.

"அம்மா பாத்துகினு கீது," என்றாள். "நடங்க."