இறால் தீனி மருந்தைத் தின்று காட்டிய காலை

இன்று காலை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை அலுவலகத்துக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள்.

அடையாள அட்டையும், நகரில் தங்க எடுத்த பொலிஸ் பதிவும் சரி. ஆனால் சிப்பாய் என் பைக்குள் கைவிட்டு முதலாளிக்குக் காட்டக் கொண்டுபோன வெள்ளைத் தூள் சாம்பிள் பைக்கற்றை எடுத்தான்.

"மே மொகத்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

இறால் தீனியில் கலக்கிற அசிட், வயிற்றுக் கிருமியைக் கொல்லும், இறால் நோயில்லாமல் வளரும் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். 'அசிட்' என்றதுமே அவன் இரண்டடி பின்வாங்கித் துவக்கைத் தூக்கினான்.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "பிள்ளை, இனி ஒண்டும் கதைக்காதேங்கோ" என்று மெல்லச் சொன்னார். அவரையும் ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது.

என் அட்டை சிப்பாயின் சட்டைப்பையில். மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். முதலாளிக்குப் போன் எடுக்கவும் விடவில்லை.

பிறகு வந்த அதிகாரி தூளை முகர்ந்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "இறால் சாப்பிடும் எண்டா, நீங்களும் சாப்பிட ஏலும்தானே?"

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். புளிப்பில் கண்ணீர் வந்தது. நான் விழுகிறேனா என்று இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விழவில்லை. அட்டையைத் தந்து போகச் சொன்னார்கள்.

அலுவலகத்தில் கதையைக் கேட்ட முதலாளி சொன்னார்: "நல்லது, மற்றச் சாம்பிள்களையும் நாளைக்குக் கொண்டு வாங்கோ."

வீட்டில் இன்னும் நாலு பைக்கற் இருக்கிறது. வேறு பாதையும் இல்லை. எதற்குள் வைத்துக் கொண்டுபோனால் கண்ணில் படாது, பட்டாலும் எப்படிக் கொஞ்சமாகத் தின்றுவிட்டுத் தப்பலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.